வளவு மூலிகையில் மருந்து செய்யும் பயிற்சி: போகலாமா?

போகலாம். ஆனால் அங்கே தருகிற கையேட்டை அப்படியே நம்பாதீர்கள்.

முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் மாதர் சங்கத்துப் பெண்களுக்காக நடந்த பயிற்சி இது. நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். காசு வாங்கவில்லை, மத்தியானச் சாப்பாடும் தந்தார்கள் (வல்லாரைச் சம்பல் திறம்). படம் போட்டு விளக்குகிற வேலையெல்லாம் இல்லை, நேரே அடுப்படிதான். பரியாரியார் குடும்பத்து அம்மா ஒருவர்தான் சொல்லித் தந்தார், அவருக்காகவே போகலாம்.

ஆடுமாடு கடிக்காதென்று வேலியில் நட்டுவிட்டுப் பிறகு திரும்பியும் பார்க்காத ஆடாதோடையில், வேர்க்கொம்பும் மிளகும் தட்டிப்போட்டு இருமலுக்குக் குடிநீர் காய்ச்சினோம். எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்ற வேண்டும், அதுவும் மெல்லிய நெருப்பில். விறகை அதிகமாகத் தள்ளினவர்களுக்கு நல்ல ஏச்சு விழுந்தது. காய்ச்சினதை அன்றன்றே குடித்து முடிக்க வேண்டும், நாளைக்கென்று எடுத்து வைக்கக் கூடாது. அடுத்தது நொச்சியிலைச் சாறு விட்டு நல்லெண்ணெய் காய்ச்சியது. அடியில் படிகிற மண்டி (கல்கம் என்பார்கள்) விரலில் மெழுகு மாதிரி உருள வேண்டும். திரியை அதில் தோய்த்துக் கொளுத்தினால் படபடவென்று பொரியக் கூடாது, பொரிந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது, போத்தலில் விட்டால் கெட்டுவிடும். இதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் பிடிபடும்.

சரி, குறைக்கு வருகிறேன். ஆடாதோடையைக் கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது, அது கருப்பையைச் சுருங்க வைக்கும். மண்டபத்தில் பாதிப்பேர் இளம் பெண்கள், யாரோ கேட்ட பிறகுதான் அந்தப் பேச்சே வந்தது. அதைவிட மோசம் கையேடு. விஷக்கடிக்கு ஆடுதின்னாப்பாளையை உள்ளுக்குக் கொடுக்கலாம் என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்தச் செடியில் இருக்கிற அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவைக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. பக்கத்து வவுனியாவில் சிறுநீரக நோயோடு எத்தனை குடும்பங்கள் அல்லாடுகின்றன, இங்கே வந்து இதை எழுதிக் கொடுப்பதா? பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று ஒரு வரி போடக்கூட இடம் இருக்கவில்லையாம். அந்த அம்மா இதைச் சொல்லித் தரவில்லை, கையேடு வேறெங்கோ தயாரானது போலிருக்கிறது.

போத்தலில் அடைத்துச் சந்தையில் விற்றால் வருமானம் என்றும் ஆசை காட்டினார்கள். மருந்தென்று சொல்லி விற்பதற்கு ஆயுர்வேதத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், அந்தப் பேச்சே எடுக்கவில்லை. வீட்டுத் தேவைக்குப் பழகப் போகிறவர்களுக்கு இது பிரச்சினையில்லை. விற்கிற எண்ணத்தோடு போகிறவர்கள் முதலில் மாவட்டச் சித்த மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போத்தல் வாங்குங்கள்.