தானாக வரும் ஆவணமா, கையால் எழுதும் குறிப்பா?

கும்பகோணத்தில் நாங்கள் மூன்று பேர் விவசாயிகளுக்காக ஒரு ஏஐ ஏஜென்ட் செய்கிறோம். அது கூப்பிடும் கருவிகளை (விதைக் கணக்கு, அணை நிலவரம் போன்ற சிறு நிரல்களை) அதற்கு விளக்க இரண்டு வழி பார்த்தோம்.

நிரலிலிருந்து தானாக உருவாகும் ஓப்பன்ஏபிஐ ஆவணத்தில் (கருவி என்ன கேட்கும், என்ன தரும் என்று ஒரு பொது வடிவில் சொல்வது) உழைப்பு குறைவு. நிரல் மாறினால் அதுவும் மாறும். ஆனால் எங்களுடையதில் "பரப்பு: எண்" என்று மட்டுமே இருந்தது. "மூணு மா நடவுக்கு எவ்வளவு விதைநெல்?" என்று ஒருவர் கேட்க, ஏஜென்ட் 3 என்று அனுப்பியது. கருவி அதை ஏக்கராக எடுத்துக்கொண்டது. மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர்தானே! விதை மூன்று மடங்கானது. தஞ்சாவூர்க்காரர் சிரித்துத் திருத்துவார். இயந்திரம் அப்படியே நம்பும்.

கையால் எழுதியது இப்படி: "பரப்பு ஏக்கரில். மா என்றால் 3-ஆல் வகு. 1 வேலி 20 மா. பருவம் குறுவை, சம்பா, தாளடி இவற்றில் ஒன்று; சொல்லாவிட்டால் கேள், ஊகிக்காதே. அணை நிலவரத்துக்கு இதைக் கூப்பிடாதே." அந்தக் கடைசி வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மேட்டூர் அணை நிலவரம் சொல்லும் கருவியில் "அளவு" என்றிருந்த புலத்தின் (தகவல் கட்டத்தின்) பெயரை "நீர்மட்டம்_அடி" ஆக்கினோம். 120 என்பது அடியா, டிஎம்சியா என்ற குழப்பம் போனது.

கைக்குறிப்பு பழசானால் பொய் சொல்லும், நீண்டால் ஏஜென்டின் சூழல் இடத்தை (ஒரே நேரத்தில் அது படித்து வைத்துக்கொள்ளும் அளவை) தின்னும். இருந்தும் என் ஓட்டு அதற்கே. தரவு வகைகளை (எண்ணா, எழுத்தா என்பதை) மட்டும் நிரலிலிருந்து எடுத்துக்கொள்கிறோம்.