பவளத்தைப் பாறையில் ஒட்டுவதற்கு ஜெல்லா, எபாக்சி புட்டியா?

கடல்நீர்த் தொட்டியில் ஒரு பவளத் துண்டை வாங்கி வைப்பதைவிட, அதை வைத்த இடத்திலேயே நிற்க வைப்பது கடினமான வேலை. இரவில் ஒரு டர்போ நத்தை ஏறி இறங்கினாலே போதும், காலையில் அக்ரோபோரா என்ற கிளைப்பவளம் மணலில் குப்புறக் கிடக்கும். மணலில் அழுந்திய பக்கத்தின் சதை சில நாள்களில் அழிந்து வெள்ளை எலும்பு தெரியத் தொடங்கும். எனவே ஒட்டும் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நான் மிகுந்த கவனம் எடுத்துக்கொள்கிறேன்.

என் தொட்டியில் அதிகம் பயன்படுவது சீகெம் நிறுவனத்தின் ரீஃப் க்ளூ, 20 கிராம் குழாய். இது சயனோஅக்ரிலேட் ஜெல், அதாவது சூப்பர் க்ளூவின் கெட்டியான வடிவம். ஈரம் பட்டதும் இறுகும் தன்மை கொண்டதால் நீருக்கடியிலும் பயன்படுகிறது. நீர்த்த சூப்பர் க்ளூ இந்த வேலைக்கு ஆகாது. அது பாறையின் நுண்துளைகளில் வழிந்தோடிவிடும். ஜெல்லோ பள்ளம் மேடுகளை ஓரளவு நிரப்பிக்கொண்டு நிற்கும்.

ஆனால், நீரில் இறங்கிய கணமே ஜெல்லின் மேல் வெண்ணிறத் தோல் ஒன்று படர்ந்துவிடும் என்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. பவளத்தை மெல்ல வைத்துவிட்டுக் கையை எடுத்தால், அந்தத் தோல்தான் பாறையைத் தொட்டுக்கொண்டிருக்கும், உள்ளிருக்கும் பசை தொடாது. அலைப்பம்புகளை நிறுத்தி, பாறையில் படிந்த பாசியைப் பல்துலக்கியால் தேய்த்து நீக்கி, பவளத்தின் அடிப்பகுதியைத் துணியால் ஒற்றியெடுத்து, தாராளமாக ஜெல் வைத்து, பாறைமேல் அழுத்தி இருபுறமும் லேசாகத் திருக வேண்டும். தோல் கிழிந்து புதிய பசை பாறையைப் பற்றும்போதுதான் ஒட்டு நிலைக்கும். சிறு துண்டுகளுக்கு இதுவே போதுமானது. இறுகிய ஜெல் நொறுங்கும் தன்மையுடையது என்பதால், யூஃபிலியா போன்ற கனமான பவளங்களை அதை மட்டும் நம்பி ஒட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

எபாக்சி புட்டியின் குணம் வேறு. குழாய் ஒழுகினால் அடைக்கும் எம்-சீல் போலவே இரண்டு பாகங்களைச் சேர்த்து ஒரே நிறம் வரும்வரை பிசைய வேண்டிய பொருள் இது; தொட்டிக்கு மட்டும் கடல்நீர்த் தொட்டிக்கென்றே விற்கப்படும் வகையை வாங்குங்கள். பெயர் ஒட்டுப்பொருளாக இருந்தாலும் ஈரப்பாறையில் இதன் பிடிப்பு குறைவு, இடைவெளியை நிரப்புவதில்தான் இது வல்லது. மேலும் இதைப் பயன்படுத்திய பின் ஸ்கிம்மர் (கழிவுகளை நுரையாக்கி நீக்கும் கருவி) கட்டுக்கடங்காமல் நுரை தள்ளும். ஒருமுறை அதை நிறுத்த மறந்து, பெட்டியடித் தரை முழுவதும் உப்புநீரைத் துடைக்க நேர்ந்தது. அன்று முதல் ஒரே நாளில் சிறிதளவுக்கு மேல் பயன்படுத்துவதில்லை.

இரண்டையும் சேர்த்தால் கிடைக்கும் வலிமை தனித்தனியே எதிலும் இல்லை. புட்டி உருண்டையின் இருபுறமும் ஜெல் தடவி, ஒரு முகத்தைப் பாறையிலும் மறுமுகத்தைப் பவளத்தின் அடியிலும் அழுத்தினால், ஜெல் உடனே பற்றிக்கொள்ளும். புட்டி மெதுவாக இறுகி மேடுபள்ளங்களுக்குள் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிடும். கனமான பவளங்களுக்கு இந்த முறையையே தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஊதா நிறப் புட்டியைத் தேர்ந்தால், பாறைமேல் ஊதாவாகப் படரும் கோரலைன் பாசி மூடும்வரை ஒட்டு கண்ணை உறுத்தாது.

பாறை அடுக்குவது தொட்டிக்கு வெளியே, உலர்ந்த நிலையில் செய்யவேண்டிய வேலை. மூட்டில் ஜெல் விட்டு உலர்ந்த அரகோனைட் மணலைத் தூவினால் சில நொடிகளில் கல்போல் இறுகும். சூடும் காரமான ஆவியும் எழுவதால் சன்னலைத் திறந்து வையுங்கள். பாறை வளைவுகளுக்குப் பசை மட்டும் போதாது, துளையிட்டு அக்ரிலிக் கம்பி செருக வேண்டும். சிலிக்கோன் ஈரப்பரப்பில் ஒட்டாது.

ஜோயாந்தஸ் என்ற மென்பவள வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருப்பதால், அவற்றை ஒட்டும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். காளான் பவளங்களை ஒட்ட முயலவே வேண்டாம். அவை சளியைச் சுரந்து பசையிலிருந்து நழுவிவிடும். கற்சில்லுகள் நிரம்பிய கிண்ணத்தில், ஓட்டம் குறைந்த மூலையில் விட்டால் தாமே ஒரு சில்லைப் பற்றிக்கொள்ளும்.

மாதத்திற்கு ஓரிரு துண்டுகள் மட்டும் ஒட்டுபவர் 20 கிராம் குழாய் வாங்கத் தேவையில்லை. திறந்த குழாய் நாளடைவில் உள்ளேயே இறுகிவிடும் என்பதால், எத்தில் சயனோஅக்ரிலேட் ஜெல் என்று உறையில் தெளிவாக அச்சிட்ட சிறு குழாய்களே அவருக்கு ஏற்றவை.