எலிச் சோதனையா, எக்ஸ்போஷர் விலக்கா: நாங்கள் எடுத்த முடிவு

நாங்கள் செய்வது ஒரு கேட்டலிஸ்ட், அதாவது ரசாயன வினையை வேகப்படுத்தும் வினையூக்கி. ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கு வருஷத்துக்கு 100 டன்னைத் தொட்டதும் ரீச் என்ற ஐரோப்பிய ரசாயனச் சட்டப்படி 90 நாள் எலிச் சோதனை கேட்கிறார்கள், அதாவது எலிகளுக்குப் பொருளைத் தொடர்ந்து கொடுத்து உடலில் என்ன கேடு வருகிறது என்று பார்ப்பது. வினையில் தீர்ந்துபோகாத பொருள் என்பதால், வேறொரு பொருளாக மாறித் தீர்ந்துபோகும் இடைப்பொருளுக்கான சலுகையும் கிடையாது.

நேரே சோதனைக்குப் போவதில் குழப்பம் இல்லை. குறைந்தது 80 எலிகள், கனத்த செலவு, அதுவும் ஐரோப்பிய ரசாயன முகமையிடம் முன்மொழிவு கொடுத்து முடிவு வந்த பிறகுதான் ஆரம்பிக்கலாம். இரண்டாவது வழி ரீட்-அக்ராஸ், அதாவது ஒத்த பொருளின் தரவைக் காட்டுவது. இதை வேறொரு பொருளுக்காக ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அமைப்பு ஒத்திருந்தால் மட்டும் போதாது, உடலுக்குள் போய் என்னவாகிறது என்பதும் ஒத்துப்போக வேண்டும், தரவின் சொந்தக்காரருக்குக் காசும் கொடுக்க வேண்டும்.

நாங்கள் எடுத்தது மூன்றாவது வழி, எக்ஸ்போஷர் விலக்கு: யார் மேலும் படாத பொருளுக்கு எதற்குச் சோதனை என்று கேட்பது. பாதுகாப்பான அளவைவிட எக்ஸ்போஷர் மிகக் குறைவு என்று கணக்குப் போட்டுக் காட்டினால் முடிந்தது என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் ரீச்சின் 11ஆம் இணைப்பில் ஒரு வரி இருக்கிறது: 28 நாள் சோதனையிலிருந்து எடுத்த பாதுகாப்பு அளவை வைத்து 90 நாள் சோதனையைத் தவிர்க்க முடியாது. எங்கள் கையில் இருந்ததோ 28 நாள் சோதனை மட்டும். சரி, மிஞ்சியது ஒரே கதவு, உற்பத்தியிலிருந்து கழிவு வரை பொருள் மூடிய அமைப்புக்குள்ளேயே இருக்கிறது என்று நிரூபிப்பது. சாம்பிள் எடுப்பது, டிரம் காலி செய்வது, ஃபில்டர் கழுவுவது எல்லாம் இதில் வரும், கையுறையையும் மாஸ்க்கையும் காட்டி ஒப்பேற்ற முடியாது.

விலக்கு வாங்குவதைவிட அதைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை, முடிவெடுக்கும்முன் பார்க்க வேண்டியதும் அதைத்தான். எங்களுக்கு இரண்டே வாடிக்கையாளர்கள், இருவருமே மூடிய குழாய் வழியாகத்தான் ரியாக்டருக்குள் விடுகிறார்கள். மூன்றாவதாக ஒருவர் ஆர்டரோடு வந்தார். டிரம்மை எப்படிக் காலி செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஒரு போட்டோ அனுப்பினார்: திறந்து கிடக்கும் ரியாக்டர் வாய் (மேன்ஹோல்), அதன்மேல் டிரம்மைச் சாய்த்துப் பிடிக்கும் இரண்டு பேர், விளிம்பில் வழிந்து காய்ந்த வெள்ளைத் தடம். எல்லாப் பயன்பாடும் மூடியதாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை, அதனால் இவருக்கு விற்றால் மற்ற இருவரை வைத்து வாங்கிய விலக்கும் சேர்ந்து போய்விடும். ஆர்டரை விட்டுவிட்டோம். முதலாளிக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

சோதனை செய்திருந்தால் ஆள் பார்த்து விற்க வேண்டிய இந்தத் தொல்லை இவ்வளவு இருந்திருக்காது. ஆனாலும் இரண்டு வாடிக்கையாளர் என்றால் நான் மறுபடியும் இதையேதான் செய்வேன். இருபது பேர் என்றால் யோசிக்காமல் சோதனைக்குப் பணம் கட்டிவிடுங்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை இருவருக்கும் ஒரு பக்கக் கேள்வித்தாள் அனுப்புகிறோம். இந்த வருஷம் ஒருவர் மாற்றம் ஏதுமில்லை என்று எழுதிவிட்டார். இன்னொருவர் பம்ப்பை மாற்றியிருக்கிறாராம், போட்டோ கேட்டிருக்கிறேன்.