2.4 மி.மீ. ஃபைபர் ஸ்கேனர் தலை: வேகம் அருமை, சூட்டில் கவனம்

எண்டோஸ்கோப் முனையில் நுண்ணோக்கியை வைக்க நினைப்பவர்களுக்கு முதல் தலைவலி இடம்தான். சாதாரண இரைப்பை எண்டோஸ்கோப்பில் கருவி நுழையும் பாதை 2.8 மி.மீ. அதற்குள் லேசர் புள்ளியை வேகமாக ஓட்டும் ஸ்கேனரும் லென்ஸ்களும் அடங்க வேண்டும். அப்படி ஒரு தலையை ஒரு சிறு நிறுவனத்திடம் வாங்கி, ஆய்வகத்தில் திசு மாதிரிகளில் சில மாதங்களாக ஓட்டிவருகிறேன். வெளிவிட்டம் 2.4 மி.மீ.

உள்ளே நான்கு மின்முனைகள் கொண்ட பீசோ குழாய் (மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பீங்கான் குழாய்). அதன் நுனியிலிருந்து லேசர் ஒளியைக் கடத்தும் 125 மைக்ரான் ஃபைபர் 7 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. குழாய் துளி அசைந்தால் போதும், ஒத்ததிர்வில், அதாவது ஃபைபரின் இயல்பான அதிர்வெண்ணில் ஆட்டும்போது, அதன் நுனி நன்றாக விரிந்து சுழலும். இந்தப் பருமனுள்ள கண்ணாடி ஃபைபர் 10 மி.மீ. நீண்டிருந்தால் சுமார் 1,000 ஹெர்ட்ஸில் அதிரும்; நீளம் பாதியானால் அதிர்வெண் நான்கு மடங்கு. 7 மி.மீட்டருக்கு 2,000-ஐ ஒட்டி வர வேண்டும், அப்படியே வருகிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது, இரண்டு அச்சுகளின் ஒத்ததிர்வு உச்சமும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுவது. பசை ஒரு பக்கம் வழிந்தாலே இரண்டும் பிரிந்துவிடும். ஒட்டியவரின் கைக்கு என் மரியாதை.

நுனி நடுவிலிருந்து சுருளாக விரிந்து திசுவை வருடுகிறது; 250 சுற்றுள்ள சுருள் ஒரு பிரேம், அதாவது ஒரு முழுப் படம். அதற்கு 0.125 விநாடி ஆகிறது. அப்புறம் ஃபைபரை அடக்கி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஆக விநாடிக்கு 6 பிரேம். உடம்புக்குள் மூச்சும் துடிப்பும் நிற்காது. பிரேமுக்கு ஒரு விநாடி எடுத்தால் செல்களின் விளிம்பு இழுபட்டுப்போகும். இந்த வேகம் உண்மையிலேயே பயன்படும்.

என் குறை அளவுத்திருத்தத்தில். எந்தக் கணத்தில் லேசர் புள்ளி எங்கே இருக்கும் என்று அவர்கள் தந்த அட்டவணை அறை வெப்பநிலைக்கானது. தலையை 37 டிகிரிக்குக் கொண்டுபோனதும் படம் முறுக்கிக்கொண்டது. சூட்டில் ஒத்ததிர்வு உச்சம் நகர்கிறது. அதன் பக்கத்தில் ஓட்டும்போது கட்டம் (ஓட்டும் மின்னலைக்கு நுனி எவ்வளவு பின்தங்குகிறது என்ற கோணம்) சட்டென்று மாறும்: கியூ மதிப்பு (ஒத்ததிர்வின் கூர்மை) 100 என்றால், உச்சம் 10 ஹெர்ட்ஸ் நகர்ந்தாலே 45 டிகிரி. வீச்சும் குறைவதால் உருப்பெருக்கமும் மாறிவிடும். உடம்புக்குள் போகவேண்டிய கருவிக்கு உடல் சூட்டில் அளந்த அட்டவணை தராதது பெரிய குறை. இடம் உணரும் டிடெக்டரை வைத்து 37 டிகிரியில் நாங்களே புது அட்டவணை எடுத்தோம். இப்போது வட்டம் வட்டமாக வருகிறது.

இன்னொன்று, சுருளின் நடுப்பகுதியில் லேசர் அதிக நேரம் தங்குவதால் ஒளிர்சாயம் அங்கே சீக்கிரம் மங்கும். நடுவில் லேசர் திறனைக் குறைக்க டிரைவரில் ஒரு வெளியீடு இருக்கிறது. கையேட்டில் ஒரே வரிதான், தேடிப்பிடித்து இணையுங்கள்.

நுனியில் மின்சாரமும் அசையும் பாகமும் வேண்டாம் என்றால் செல்விசியோ என்ற எண்டோஸ்கோப் நுண்ணோக்கிக் கருவியின் வழி இருக்கிறது: சுமார் 30,000 ஃபைபர்கள் கொண்ட கட்டு, ஸ்கேனர் வெளியே. ஆனால் கட்டில் எத்தனை ஃபைபரோ, படத்தின் நுணுக்கம் அதற்கு மேல் போகாது. ஒற்றை ஃபைபரில் அந்த வரம்பு இல்லை. அதனால்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன்.

வாங்குகிறவர்கள் விறைப்பான பகுதியின் நீளத்தையும் பாருங்கள். இதில் 20 மி.மீ. எண்டோஸ்கோப் முனை வளைந்திருக்கும்போது தள்ளினால் வளைவில் சிக்கிக்கொள்ளும். முனையை நேராக்கி, தலையை முழுசாக வெளியே விட்ட பிறகே வளையுங்கள்.