பிளெக்ஸ் ரோல் ஸ்டாண்ட்: பிவிசி பைப்பா, இரும்பா?

சித்திரைத் திருவிழா நெருங்கினால் மதுரை பிளெக்ஸ் கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. தரையில் கிடக்கும் ரோல் ஓரம் நசுங்கும், தூசி ஏறும், பிரிண்டில் கோடு விழும். அதனால் உருட்டிப்போகும் ஸ்டாண்ட் வேண்டும்.

பிவிசி பைப், அதை இணைக்கும் டி, எல்போ, பசை போதும். வெல்டிங் வேண்டாம், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். வினைல் (ஸ்டிக்கர் ஷீட்) ரோலுக்குத் தாராளம். ஆனால் 10 அடி அகலம், 50 மீட்டர், 280 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 280 கிராம்) பிளெக்ஸ் ரோல் சுமார் 43 கிலோ! அதைக் குறுக்கே மாட்டினேன். மறுவாரமே பைப் நடுவில் வாழைமரம் மாதிரி வளைந்து, ரோல் சுற்றவே மறுத்தது.

இரும்புக்குப் பழைய இரும்புக்கடையில் ஒன்றரை இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பும் ஸ்கொயர் பைப்பும் எடைக்கு வாங்கி, பட்டறையில் கொடுத்தேன். ரோலின் அட்டைக்குழாய் உள்விட்டம் 3 இஞ்ச், பைப் லேசாக நுழையும். வீல் நான்கில் குறைந்தது இரண்டு பிரேக் வைத்ததாக இருக்கட்டும். கனமான ரோலைக் கீழ்த்தட்டில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் வாசல்படியில் குடை சாயும்.

செலவு கூடத்தான். 4 அடி வினைல் மட்டும் ஓட்டுபவர் பிவிசியோடு நிறுத்திக்கொள்ளலாம். பிளெக்ஸ் ஓட்டினால் நேரே பட்டறைக்குப் போங்கள்.