கல்லடியிலிருந்து கல்முனைக் கணினி: லினக்ஸில் இருந்துகொண்டு வின்டோஸை இயக்க எது நல்லது?

போன மாரியில், இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஒரு மரண அறிவித்தல் வந்தது. கல்முனை அச்சகத்திலிருக்கும் வின்டோஸ் கணினியை, கல்லடியில் என் வீட்டு மடிக்கணினியிலிருந்து ஒரு திரைப்பகிர்வு மென்பொருள் வழியாக இயக்கித்தான் அதைக் கோத்தேன். மழைக்கு இணைப்பு தளர்ந்து, திரை மங்கலாக வந்தது. 'நல்லம்மா' என்ற பெயரில் நடு மகரத்துக்குப் புள்ளி விழவில்லை. சரவை பார்த்தபோது என் கண்ணுக்கும் அது தெரியவில்லை. ஐம்பது பிரதிகள் அச்சான பிறகு, அந்த அம்மாவின் மகள்தான் கண்டுபிடித்தார். இறந்தவரின் பெயரைப் பிழையாக அச்சிடுவதைவிடப் பெரிய பிழை எங்கள் தொழிலில் இல்லை. அதன் பின்தான் இந்த மென்பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, தமிழ் வேலைக்கு எது தாங்கும் என்று சோதித்தேன்.

வின்டோஸை ஏன் விட முடியவில்லை என்று கேட்பவர்களுக்கு: எங்கள் அச்சகத்தின் பழைய கோப்புகள் எல்லாம் பக்கம் கோக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் அதற்குத் தெரியாது. ஆனால் பத்து வருடத்துக்கு முந்திய நினைவுமலரைக் கேட்டு ஆட்கள் இன்றும் வருகிறார்கள். என் மடிக்கணினியிலோ லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு மணிநேர பஸ் பயணம்.

வழிகள் இரண்டு வகை. ஒன்று, தொலைவிலிருந்து கணினியை இயக்க மைக்ரோசொப்ட் உருவாக்கிய நெறிமுறையான ஆர்டிபி. லினக்ஸில் ரெம்மினா என்ற மென்பொருள் அதைப் பேசும். அதன் உள்ளே வேலை செய்வது ஃப்ரீஆர்டிபி. மாக் வைத்திருப்பவர்களுக்கு மைக்ரோசொப்டே ஒரு செயலி தருகிறது. 2024இல் அதன் பெயரை 'வின்டோஸ் ஆப்' என்று மாற்றினார்கள். இரண்டாவது வகை, அந்தக் கணினியின் திரையை அப்படியே படமாக அனுப்புபவை: விஎன்சி, எனிடெஸ்க், டீம்வியூவர், ரஸ்ட்டெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டொப்.

முதலில் தட்டச்சு, ஏனென்றால் தமிழருக்கு இங்கேதான் எல்லாம் குழம்புகிறது. பாமினியில் சிக்கல் குறைவு. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கில விசைகளை அடித்தால் அந்த எழுத்துரு 'தமிழ்' என்று காட்டும். கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துத்தான். எந்த மென்பொருளும் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் புள்ளி என்பது தனி விசை. இணைப்பு தடுமாறி அந்த ஒரு விசை தவறினாலும் 'ம்' என்பது 'ம' ஆகிவிடும். அன்று நடந்தது அதுதான்.

யூனிகோடில் எழுதும்போது வேறுபாடு பெரிது. ஆர்டிபி வழக்கமாக 'இந்த இடத்து விசை அழுத்தப்பட்டது' என்ற செய்தியையே அனுப்புகிறது. அது என்ன எழுத்து என்பதை அந்தப் பக்கத்து வின்டோஸ் தீர்மானிக்கும். ஆகவே மடிக்கணினியை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, கல்முனைக் கணினியில் மட்டும் தமிழ் விசைப்பலகையைத் தெரிவுசெய்தால் போதும். விஎன்சி அடிப்படையில் விசையை அல்ல, எழுத்தை அனுப்புகிறது. இங்கே தமிழ் விசைப்பலகை இயங்கினால் அங்கே ஒன்றும் விழாமல் போகலாம். இரு பக்கமும் தமிழ் இயங்கினால் குழப்பம் நிச்சயம். ரஸ்ட்டெஸ்க்கில் விசைப்பலகை முறையை நாமே தெரிவுசெய்யலாம். 'மேப்' என்ற முறையை வைத்தால் அது ஆர்டிபி போல விசையின் இடத்தையே அனுப்பும். தமிழுக்கு அதைத்தான் வைக்க வேண்டும்.

அடுத்தது திரையின் தெளிவு. படமாக அனுப்புபவை இணைப்பு மெலிந்தால் படத்தைச் சுருக்கிவிடும். ஆங்கில எழுத்து ஒன்று மங்கினாலும் ஊகித்து வாசிக்கலாம். தமிழில் மங்கும்போது முதலில் காணாமல் போவது புள்ளி. ரெம்மினாவில் நிறத்தின் அளவை 16 பிட்டுக்கு இறக்கி, பின்னணிப் படத்தை நிறுத்திவிட்டேன். நிறங்கள் சற்றுத் தட்டையாகின. எழுத்து கூராகவே நின்றது. என் இணைப்பில் பார்த்த அளவில், தெளிவில் ஆர்டிபிக்கு ஈடு இல்லை.

ஆனால் ஆர்டிபியில் ஒரு தடை இருக்கிறது. நான் உள்ளே போனதும் அச்சகத்துத் திரை பூட்டிக்கொள்ளும். முதல் நாளே அங்கிருந்த தம்பி பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தான்: "அக்கா, என்னுடைய வேலை எல்லாம் போய்விட்டதா?" ஒன்றும் போகவில்லை, அவன் கடவுச்சொல்லை அடித்தால் அதே நிலையில் திரும்பக் கிடைக்கும், நான் வெளியே தள்ளப்படுவேன். மேசை வெறுமையாக இருக்கும் இரவு வேலைக்கு ஆர்டிபி. பகலில் அவனுக்கு ஒரு பக்கத்தை எப்படிக் கோப்பது என்று காட்ட வேண்டுமென்றால், இருவரும் ஒரே திரையைப் பார்க்கும் இரண்டாவது வகைதான். இன்னொன்று: வின்டோஸின் ஹோம் பதிப்பு ஆர்டிபி இணைப்பை ஏற்காது, புரோ பதிப்பு வேண்டும். கணினி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு விடயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ரவுட்டரில் ஆர்டிபிக்கான 3389 என்ற கதவை (போர்ட்) இணையத்துக்குத் திறந்துவிட்டு ஆர்டிபி பாவிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். 2019இல் ஆர்டிபியில் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, கைவிட்டிருந்த வின்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசொப்ட் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. வின்டோஸ் 7 ஓடும் கணினிகள் இன்னும் நம் கடைகளில் இருக்கின்றன. அவற்றிலும் அந்த ஓட்டை இருந்ததுதான். நான் இரு பக்கமும் டெயில்ஸ்கேல் நிறுவியிருக்கிறேன். வயர்கார்ட் என்ற பாதுகாப்பான இணைப்பு நெறிமுறையை அடிப்படையாகக் கொண்ட அது, இரண்டு கணினிகளையும் ஒரே வீட்டில் இருப்பதுபோல இணைத்துவிடும். ரவுட்டரைத் தொடவே வேண்டாம். 4ஜி இணைப்பிலும் ஓடுகிறது.

எனிடெஸ்க்கும் டீம்வியூவரும் இந்தத் தொல்லை எதுவும் இல்லாமல் ஓர் இலக்கத்தைக் கொடுத்தவுடன் இணைந்துவிடும். அதுதான் அவற்றின் பலம். ஆனால் இலவசம் என்பது சொந்தப் பாவனைக்கு மட்டுமே. அச்சக வேலை வியாபாரம், உரிமம் வாங்க வேண்டும். தங்கள் வழங்கிகளுக்குள் (சேர்வர்) யாரோ ஊடுருவியதை எனிடெஸ்க் 2024 பெப்ரவரியில் அறிவித்ததையும் நினைவில் வையுங்கள். ரஸ்ட்டெஸ்க் திறமூல மென்பொருள். விரும்பினால் இடைநிலை வழங்கியை நாமே நடத்தலாம். குரோம் ரிமோட் டெஸ்க்டொப் ஓர் உலாவிக்குள்ளேயே ஓடும். அவசரத்துக்கு ஒரு கோப்பைத் திறந்து பார்க்க நல்லது, பக்கம் கோக்க அல்ல.

எந்த மென்பொருளானாலும், மின்வெட்டில் அணைந்த கணினிக்குள் போக முடியாது. மின்சாரம் திரும்பியதும் தானாக எழும்படி அதன் பயோஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பில்) ஒரு தெரிவு இருக்கிறது. அதை இயக்கி வைத்தேன். எழுந்ததும் யாரும் உள்நுழையாமலே ஆர்டிபி காத்திருக்கும்.

இப்போது இரவு வேலை ரெம்மினாவும் டெயில்ஸ்கேலும். தம்பியோடு சேர்ந்து செய்வது ரஸ்ட்டெஸ்க்கில். எதில் கோத்தாலும், அச்சுக்குக் கொடுக்கும் முன் பெயர் இருக்கும் வரியை 400 வீதத்துக்குப் பெரிதாக்கி, ஒவ்வொரு மெய்க்கும் புள்ளி இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணிய பிறகே "அடி" என்று சொல்கிறேன்.