பழைய மோட்டார்ஹோமுக்கு வினைல் தரைவிரிப்பு: ஒரு மதிப்பீடு

எங்கள் பழைய மோட்டார்ஹோமின், அதாவது உள்ளேயே தங்கும் வசதி கொண்ட வீட்டு வண்டியின், தரைக் கம்பளத்தைப் பிரித்தெடுத்த பிறகு, சுருளாக விற்கப்படும் வினைல் விரிப்பையும் ஒன்றோடொன்று கோத்துப் பூட்டும் வினைல் பலகைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சுருள் விரிப்பையே தேர்ந்தெடுத்தோம். அந்தத் தேர்வில் எனக்கு இன்றும் திருப்தியே.

முதற்காரணம் எடை. சுண்ணாம்புக்கல் தூள் கலந்த 5 மி.மீ. கடினப் பலகை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10 கிலோ வரை இருக்கும், 2 மி.மீ. விரிப்போ அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. தண்ணீர்த் தொட்டியையும் சாமான்களையும் ஏற்கெனவே சுமக்கும் வண்டியில் இது சிறிய வேறுபாடன்று. மேலும், ஓடும் வண்டியின் தரை நெளியும் என்பதாலும், பூட்டி நிறுத்திய வண்டிக்குள் வெப்பநிலை கடுமையாக ஏறி இறங்கும் என்பதாலும், பலகைகளின் இணைப்புகளில் இடைவெளி விழ வாய்ப்புண்டு. ஒரே துண்டாக விரிப்பதில் அந்தக் கவலை இல்லை.

குறையும் உண்டு. அடியில் விட்டுப்போன ஒரு ஸ்டேபிள் பின்கூட மேலே புடைத்துத் தெரியுமாதலால், பழைய பின்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒட்டுப்பலகையின் குழிகளை அடைத்துத் தேய்க்க வேண்டும், அலுப்பூட்டும் வேலைதான். அப்போதே கதவோரத்தில் ஸ்குரூடிரைவர் நுனியால் குத்திப் பார்ப்பது அவசியம்: நுனி மெத்தென்று இறங்கினால் பலகை உளுத்துவிட்டது என்று பொருள், நீர்க்கசிவை அடைத்து அந்தப் பகுதியை மாற்றாமல் எதை விரித்தாலும் வீண். கனமான பொருள் விழுந்து விரிப்பு கிழிந்தால் ஒட்டுப்போடத்தான் வேண்டும் என்பதால், வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்.